எரிந்த மருந்துக்கு எடை கிடையாது

ஹாலண்ட் கிரீக்கில் எந்தத் தெருவில் நின்றாலும் உங்கள் காலுக்குக் கீழே கிடப்பது என் ஜல்லி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். கதவு ஒழுங்காகச் சாத்தாத ஒரு பழைய டிரக்கில் தொடங்கினேன். இன்றைக்கு மலைக்குப் பின்னால் சொந்தக் குவாரி, கல் உடைக்கும் மெஷின், சர்ச் முன்னால் நான் போட்டுக்கொடுத்த வண்டி நிறுத்துமிடம். ஐடஹோ மாநிலத்தின் இந்தப் பக்கத்தில் ராய்ஸ் பெக்கெட் என்றால் குழந்தைக்குக்கூடத் தெரியும். என்னிடம் வேலை பார்த்தவர்களை வரிசையாக நிறுத்தினால் தபால் ஆபீஸ்வரை போகும். அந்த வரிசையில் எழுதத் தகுந்தவன் ஒருத்தன்தான். அவன் டெல்மர் ஹாகன்.

மரமில்லில் ரம்பத்துக்குப் பல் தீட்டிக்கொண்டிருந்தவன். மில் மூடிய வருஷம் மற்றவர்கள் எல்லாம் வேறு ஊருக்குப் பெட்டி கட்டினார்கள். இவனை நான்தான் கூப்பிட்டு வேலை கொடுத்தேன். கல் உடைக்கிற மெஷினைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். மெஷினின் தாடையில் ஒரு போல்ட் அரைச் சுற்றுத் தளர்ந்தாலும் தூரத்தில் நின்றே காதால் கண்டுபிடித்துவிடுவான். கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லிவிட்டு, தானே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஏறுவான். பேச்சு குறைவு. அதிகமாகப் பேச வேண்டிய வேலையை நான் பார்த்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் கைத்துப்பாக்கி வைத்திருப்பவன் தோட்டாவைக் கடையில் வாங்க மாட்டான். சுட்டபிறகு உதிரும் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, அடியில் தீப்பொறி தரும் புதுக் கேப் பொருத்தி, வெடிமருந்து கொட்டி, மேலே ஈயக்குண்டை அழுத்தி வீட்டிலேயே செய்துகொள்வான். இதில் கேப்பும் கூடும் குண்டும் யாருக்கும் கைவரும். மருந்துதான் ஆளைக் காட்டும். கொஞ்சம் குறைந்தால் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். கொஞ்சம் கூடினால் துப்பாக்கி உங்கள் பக்கம் திரும்பியதுபோல்தான்.

நான் குடுவை வைத்து அளப்பவன். மேலே மருந்தை நிரப்பி, பக்கத்துக் கைப்பிடியை ஒரு தரம் இழுத்தால் கீழே அளவாகக் கொட்டும். அவ்வப்போது ஒன்றை நிறுத்துச் சரிபார்த்தால் போதும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தால் வருஷத்துக்கான தோட்டாவைச் செய்து முடித்துவிடுவேன். ஊரில் என்னைவிட வேகமாகச் செய்தவன் கிடையாது, கேட்டுப் பாருங்கள்.

டெல்மரிடமும் குடுவை இருந்தது. ஆனால் அதை அவன் நம்பவில்லை. குடுவை கொட்டியதை அப்படியே தராசுத் தட்டில் வைப்பான். தராசு என்றால் மின்சாரம் இல்லாத, முள் வைத்த பழைய தராசு. முள் கோட்டுக்குக் கீழே நின்றால், சின்னக் குழல் ஒன்றைத் திருகித் திருகி, ஒவ்வொரு துணுக்காக மருந்தைச் சொட்டவிடுவான். முள் கோட்டைத் தொட்டதும் விரலை எடுப்பான். மறுபடி முள் ஆடி நிற்கும்வரை காத்திருப்பான். பிறகுதான் கூட்டுக்குள் கொட்டுவான். ஒவ்வொரு தோட்டாவுக்கும் இதே சடங்கு.

அவன் மேஜை, துணி துவைக்கிற அறையில், துணி உலர்த்தும் டிரையருக்குப் பக்கத்தில் இருந்தது. அவன் தராசை வெளியே எடுத்தால் அந்த வீட்டில் டிரையர் ஓடக்கூடாது. ஹீட்டர் காற்று முள்ளை ஆட்டும் என்பதால் ஹீட்டரும் ஓடக்கூடாது. பலகைத் தரை அதிரும் என்று நடைவழியில் யாரும் நடக்கக்கூடாது. ஜனவரி மாதத்தில், வெளியே பனி முழங்கால் உயரம் கிடக்க, அவன் மனைவி ஐவா கோட்டும் கம்பளிக் காலுறையுமாகச் சமையலறையில் உட்கார்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஈரத்துணி கூடையில் விறைத்துக் கிடக்கும். மூடிய கதவைப் பார்த்து அவள் குரல் கொடுப்பாள்: “டெல்மர், உன் தராசு தூங்கி எந்திரிச்சதும் சொல்லு. ஹீட்டரப் போடணும். எனக்குக் கால் மரத்துப்போச்சு.”

உள்ளேயிருந்து பதில் வராது. பேசினால் மூச்சு முள்ளில் படும்.

கடைசியில் கேப்பைச் சுற்றி ஈரம் இறங்காமல் இருக்க ஒரு கோடு நகப்பூச்சு பூசுவான். ஐவாவின் சிவப்புப் பூச்சு. “என் நகத்தவிட உன் தோட்டா சிங்காரமா இருக்கு” என்பாள் அவள். நானும் சும்மா இருக்கவில்லை. நீ ஒரு பெட்டி செய்து முடிப்பதற்குள் காட்டில் மானெல்லாம் கிழடாகித் தானே செத்துப்போகும் என்று ஒருமுறை சொன்னேன்.

“சாகட்டும்,” என்றான். “என் விரல் எங்கிட்ட இருக்கும்ல.”

எங்களுக்குள் இரண்டு வழக்கம் உண்டு. யாரும் எழுதி வைத்ததல்ல, ஆனால் எல்லாரும் மதிப்பது. ஒன்று, பெயர் தெரியாத மருந்து புல்லுக்கு. டப்பாவில் சீட்டு உரிந்துபோனாலோ, எந்த மருந்து என்று சந்தேகம் வந்தாலோ, யோசிக்காமல் வாசல் புல்தரையில் கொட்டிவிட வேண்டும். புல்லுக்கு அது நல்ல உரம். இரண்டாவது, தோட்டாவைக் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. இங்கே ஒருத்தன் உங்களுக்கு டிரக்கைக் கொடுப்பான், ரம்பத்தைக் கொடுப்பான், கேட்டால் போட்டிருக்கிற சட்டையைக் கழற்றிக் கொடுப்பான். தான் செய்த தோட்டாவை மட்டும் கொடுக்க மாட்டான். நாளைக்கு ஏதாவது வெடித்தால் கை போவதற்கு முன்னால் சினேகிதம் போய்விடும்.

டெல்மர் இந்த வழக்கத்தை ஒரே ஒரு முறை மீறினான். அதுவும் ஐவாவுக்காக.

ஐவாவுக்கு லைல் என்று ஒரு தம்பி. அம்மா சீக்கிரம் போய்விட்டதால் அவனுக்குச் சோறு ஊட்டியதிலிருந்து ஷூ கயிறு கட்டியதுவரை இவள்தான். குழாய் வேலை செய்பவன், நல்ல கலகலப்பான ஆள். லைலின் வாயில் ‘இருக்கலாம்’ என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. குழாயை மாட்டிவிட்டு ‘பக்கா, சொட்டாது’ என்பான். அவன் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் சொட்டும். மறுபடி வந்து மறுபடி ‘பக்கா’ என்பான். யாருக்கும் அவன்மேல் கோபம் வராது.

அது தட்டுப்பாடு வந்த வருஷம். கடை அலமாரிகள் காலி. மருந்து டப்பா வருகிறது என்று புரளி கிளம்பினால் போதும், விடியுமுன் வாசலில் ஆட்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். லைல் அங்கே இங்கே கெஞ்சி, சாஸ் பாட்டிலில் கொஞ்சம், ஊறுகாய் ஜாடியில் கொஞ்சம் என்று மருந்து சேர்த்து வைத்திருந்தான். வசந்தகாலத்தில் துப்பாக்கி கிளப்பின் போட்டி. அதில் சுட்டே தீர வேண்டும் அவனுக்கு.

ஐவா அந்தப் பாட்டில்களைப் பார்த்துவிட்டு வந்தாள். அவன் கண்டதையும் ஊற்றிக்கொண்டிருக்கிறான், நீ ஒரு பெட்டி கொடுத்தால் என்ன என்று டெல்மரைக் கேட்டாள். முடியாது என்றான். அவள் மறுநாளும் கேட்டாள், அதற்கு மறுநாளும் கேட்டாள். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டு, சாப்பாட்டு மேஜையில் அவன் எதிரே உட்காருவதையும் நிறுத்தினாள். டெல்மர் ஒரு பெட்டி செய்து கொடுத்தான். கொடுத்துவிட்டு நேரே குவாரிக்கு வந்து என்னிடம் சொன்னான். “கெட்டுது போ, டெல்மர்” என்றேன். தலையை ஆட்டிவிட்டு மெஷினுக்கு எண்ணெய் விடப் போனான்.

போட்டியன்று மழை விட்டுத் தரையெல்லாம் சேறு. பந்தலுக்குக் கீழே ஐவா பெரிய பாத்திரத்தில் பீன்ஸும் கறியும் சூடாக வைத்து எல்லாருக்கும் கரண்டியால் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். சுடுகிற வரிசையில் எனக்குப் பக்கத்தில் ஒரு ஆள் தள்ளி லைல். நல்ல வெடிச் சத்தத்துக்கு ஒரு கூர்மை உண்டு. அந்தச் சத்தத்துக்குக் கூர்மை இல்லை, அகலமாக வந்தது. திரும்பிப் பார்த்தால் அவன் ரிவால்வரின் மேல்பாதி இல்லை. தோட்டா உருளை பிளந்து திறந்து கிடந்தது. லைல் தன் இடதுகையை, யாரோ மறந்துவிட்டுப்போன பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு விரல் இல்லை.

என் டிரக்கில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் ஓட்டின ஓட்டத்தில் வேறு எவனாவது ஓட்டியிருந்தால் வழியிலேயே பள்ளத்தில் இறக்கியிருப்பான். பின்னால் ஐவா அவன் கையைத் துண்டால் சுற்றிப் பிடித்திருந்தாள். அப்போது லைல் சொன்னான்:

“டெல்மரோட தோட்டாதான்க்கா அது.”

நான் கண்ணாடியில் பார்த்தேன். ஐவா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த வாரம் தீயணைப்பு நிலையத்தில் கிளப் கூடியது. உள்ளே போகுமுன் டெல்மரை வண்டிகளுக்கு நடுவில் நிறுத்தினேன்.

“உள்ள போனதும் ‘அது என் தோட்டா இல்ல’ன்னு ஒரே வார்த்த சொல்லு. இந்த ஊர் ரோடு பூரா நான் ‘முடியும்’ங்கற ஒரே வார்த்தய வச்சுப் போட்டது. முடியுமான்னு எனக்கே தெரியாத ரோடும் அதுல இருக்கு.”

“தெரியாததச் சொல்லச் சொல்றியா?”

“தெரிஞ்ச மாதிரி சொல்லச் சொல்றேன்.”

அவன் தொப்பியைக் கழற்றி உதறிப் போட்டுக்கொண்டான். கிளப் என்ன நினைத்தாலும் தனக்குக் கவலை இல்லை என்றான். “நீ பண்ணலன்னு ஐவா ஒரு வார்த்த சொன்னாப் போதும், ராய்ஸ். அவ இன்னும் சொல்லல.” ஒரு வாரமாக அவள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லையாம்.

லைலின் பெட்டியில் மிஞ்சிய தோட்டாக்களை மேஜையில் அடுக்கியிருந்தார்கள். எல்லாவற்றிலும் சிவப்புக் கோடு இருந்தது. வெடித்த கூட்டைத் தேடி எடுத்திருந்தார்கள். ஆனால் அதன் அடிப்பக்கமே கிழிந்து, கேப் இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. அதில் சிவப்பு இருந்ததா இல்லையா என்று பார்க்க வழியில்லை.

மிஞ்சியதை எல்லாம் பிரித்து நிறுக்கலாம் என்றார் கிளப் தலைவர் நார்ம். டெல்மரின் தராசிலேயே நிறுப்பதா என்று ஒருவன் கேட்டான். இன்னொருவன் தன் மின்சாரத் தராசைக் கொண்டுவந்தான். அது இரண்டு தரம் இரண்டு எடை காட்டியதால் அவனே அதைக் கவிழ்த்து வைத்தான். கடைசியில் டெல்மரின் தராசுதான். ஹீட்டரை நிறுத்தச் சொன்னான். முணுமுணுத்துக்கொண்டே எல்லாரும் கோட்டை மாட்டிக்கொண்டார்கள். ஐவா மட்டும் ஏற்கெனவே கோட்டோடுதான் வந்து உட்கார்ந்திருந்தாள்.

ஒவ்வொரு தோட்டாவாகத் தட்டிக் குண்டைக் கழற்றி, மருந்தைத் தட்டில் கொட்டினோம். முள் ஆடும், நிற்கும். கோட்டின் மேல் நிற்கும். அடுத்தது, கோட்டின் மேல். அதற்கடுத்தது, கோட்டின் மேல். பாதியிலேயே சிலர் இருமுவதைக்கூட அடக்கிக்கொண்டார்கள். நான் ஊரில் பல அதிசயம் பார்த்தவன். இது அதில் ஒன்று.

நார்ம் நல்ல மனுஷன். தப்பித்து ஏற ஒரு கயிறு வீசிக் கொடுத்தார். “அப்ப வெடிச்சதும் இப்படித்தான் இருந்திருக்கும். இல்லயா, டெல்மர்?”

ஆமாம் என்று ஒரு சொல். வாயைத் திறந்து மூடினால் முடிந்தது.

டெல்மர் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். “இது எல்லாம் சரியா இருக்கு,” என்றான். “எரிஞ்சத இப்ப நிறுக்க முடியாது. நான் தப்பு பண்ணியிருக்க வாய்ப்பே இல்லன்னு என்னால சொல்ல முடியாது.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பிறகு லைலைக் கேட்டார்கள். கட்டுப்போட்ட கையை மேஜைமேல் வைத்தான். “பக்கா அவரோடதுதான். அந்தப் பெட்டியில வேற ஒண்ணுகூடக் கெடையாது. நூத்துக்கு நூறு.”

அவ்வளவுதான். யாரும் டெல்மரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. ஹீட்டரைப் போட்டுவிட்டு நாற்காலிகளை மடக்கினார்கள். வாழ்நாள் முழுக்க ஒரு துணுக்கைக்கூட ஊகத்தில் போடாதவன் ‘சொல்ல முடியாது’ என்றான். வாழ்நாளில் எதையும் நிறுத்துப் பார்க்காதவன் ‘நூறு’ என்றான். ஊர் எதை எடுத்துக்கொள்ளும் என்று உங்களுக்குத் தெரியாதா?

அதற்கப்புறம் டெல்மர் சுட வந்தால் இருபக்கமும் இடம் காலியாகிவிடும். காலைச் சாப்பாட்டுக் கடையில் அவன் முட்டைக்கு உப்புத் தூவியபோது, “தள்ளி உக்காருங்கப்பா, டெல்மர் அளந்து போடறாரு” என்று ஒருவன் சொன்னான். கடை சிரித்தது. டெல்மர் உப்பு டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, உப்பில்லாமலே தின்றுவிட்டு எழுந்தான். அப்படிச் சொன்னவன் வீட்டுக்கு இன்றுவரை என் ஜல்லி போகவில்லை, போகவும் போகாது.

ஐவா சண்டை போடவில்லை. அதற்குப் பதிலாக டிரையரை ஓடவிட்டாள். காலையிலிருந்து மாலைவரை ஓடும். ஒரு நாள் போயிருந்தபோது கதவைத் திறந்து பார்த்தேன், உள்ளே ஒரு கைக்குட்டைகூட இல்லை. வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் டெல்மர் உட்கார்ந்து, தராசு முள் துடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிறுத்தச் சொல்லி அவன் கேட்கவில்லை.

இலையுதிர்காலத்தில் லைல் தன் கராஜைக் காலி செய்து, வேண்டாத சாமான்களை வாசலில் மேஜை போட்டு விற்றான். ஒரு பைப் ரெஞ்சு கிடைக்குமா என்று போனேன். மேஜை ஓரத்தில் அவனுடைய மருந்துக் குடுவை இருந்தது. கையில் எடுத்தேன். கனத்தது. கண்ணாடிக் குடுவைக்குள் மருந்து பாதிக்குமேல் இருந்தது. வெயிலில் தூக்கிப் பிடித்தேன். அடியில் மிளகுப்பொடிபோல் நுணுக்கமான உருண்டை மருந்து. அதற்குமேல் சாம்பல் நிறத்தில் தட்டைத் தட்டையாக வேறொரு மருந்து. ஒன்று வேகமாக எரிவது, மற்றது நிதானமாக எரிவது. ஒன்றுக்கு வைத்த அளவில் இன்னொன்று விழுந்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. பழையதைக் கொட்டாமல் அதன் தலையிலேயே புதியதை ஊற்றியிருக்கிறான்.

“லைல், இது எப்பலேர்ந்து கெடக்கு?”

“அதுவா? போட்டிக்கு முந்தின வாரம் போட்டது. ஆசைக்குக் கொஞ்சம் சுட்டுப் பாத்தேன், பெட்டியில கொறஞ்சுபோச்சு. அதான் நாலஞ்சு செஞ்சு ரொப்பி...”

அங்கே நின்றான். என் முகத்தைப் பார்த்தான். பிறகு தன் கையைப் பார்த்தான்.

“எடுத்துக்கிட்டுப் போ, ராய்ஸ்,” என்றான். “சும்மாவே எடுத்துக்கோ.”

நேரே டெல்மர் வீட்டுக்கு ஓட்டினேன். சமையலறை மேஜையில் குடுவையை நட்டு, லைல் வாயாலேயே சொன்னதைச் சொன்னேன். என் குரல் எப்போதும் பெரியது, அன்றைக்கு இன்னும் பெரியதாக இருந்திருக்கும். டெல்மர் கண்ணாடியை மாட்டி, குடுவையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். சந்தோஷப்படுவான் என்று காத்திருந்தேன்.

“அந்த நேரத்துல எது உருளைக்குள்ள இருந்துச்சுன்னு இது சொல்லல,” என்றான்.

அவனை அங்கேயே அடித்திருப்பேன். அதற்குள் ஐவா பாத்திரம் கழுவுவதை விட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். குடுவையைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள்.

“வேற யார்கிட்டயாவது சொன்னியா?”

இல்லை என்றேன்.

“சொல்லாத. தன் கையத் தானே பிச்சிக்கிட்டான்னு ஊரு சிரிச்சா அவன் தாங்க மாட்டான். டெல்மர் தாங்குவாரு.”

டெல்மர் கண்ணாடியைக் கழற்றினான். “உனக்கு எப்பத் தெரியும், ஐவா?”

“எத்தன குளிர்காலம் இந்த வீட்டுல கால் வெறச்சு உக்காந்திருக்கேன்,” என்றாள் அவள். “உன் கை தப்பு பண்ணாதுன்னு எனக்குத் தெரியாதா? டிரக்குலயே தெரியும்.”

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வசந்தத்திலிருந்து காத்திருந்தான். அது இத்தனை நாளும் அதே வீட்டில், டிரையர் சத்தத்துக்கு அந்தப் பக்கம்தான் இருந்திருக்கிறது. அவன் எழுந்து துணி துவைக்கிற அறைக்குள் போனான். வரும்போது இரு கையிலும் மருந்து டப்பாக்கள். சீல் உடைக்காதவை, சீட்டுக் கிழியாதவை. தட்டுப்பாடு தீராத அந்த வருஷத்தில் ஆட்கள் அதற்காகத் தங்கள் நாயைக்கூடக் கொடுத்திருப்பார்கள். வாசலில் இறங்கி, ஒவ்வொன்றாகத் திறந்து, நடந்துகொண்டே புல்லில் தூவினான்.

“டேய், பேரு தெரியாத மருந்துதான் புல்லுக்கு. இதுல பேரு எழுதியிருக்குடா,” என்றேன்.

“டப்பாவுல எழுதியிருக்கு,” என்றான். தூவுவதை நிறுத்தவில்லை. ஐவா ஜன்னலில் நின்று பார்த்தாள். தடுக்கவில்லை.

அடுத்த வசந்தத்தில் அந்தத் தெருவிலேயே அவன் வாசல் புல்தான் கரும்பச்சை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரும் லைல் அதைப் பார்க்காததுபோல் நடைபாதையோடு உள்ளே போவான். அவனுக்கு இறைச்சியை ஐவா வெட்டி வைப்பாள். டெல்மர் சாப்பிட்டுவிட்டு வெளியே போய், வெட்டிய புல்லையே மறுபடி வெட்டுவான். அந்த வாசல் முழுக்க இலவசமாக ஜல்லி கொட்டித்தருகிறேன், புல்லே முளைக்காது என்று சொன்னேன். நான் இலவசமாக எதையும் யாருக்கும் கொட்டியதில்லை. வேண்டாம் என்றுவிட்டான்.

தராசு எங்கே போனது என்று தெரியவில்லை. அந்த மேஜையில் இப்போது துணி மடிக்கிறார்கள். போன ஜனவரியில் ஒரு வேலையாகப் போயிருந்தேன். ஹீட்டர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது, டிரையரும் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே அத்தனை பனி, ஐவா சமையலறை ஜன்னலை விரியத் திறந்து வைத்து, அதன் பக்கத்தில் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாத்தட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாம், ராய்ஸ்,” என்றாள். “வீடு இவ்வளவு சூடா இருந்து எனக்குப் பழக்கமில்ல.”